நினைவைச் சோதிக்கும் நான்கு விளக்குகள்

பத்து இலக்கம் ஏன் நழுவுகிறது

பிறர் சொல்லும் கைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடி எடுப்பதற்குள், பத்து இலக்கங்களில் கடைசி மூன்றோ நான்கோ நழுவிவிடுவது எல்லோருக்கும் பழக்கமான ஏமாற்றம். ஆனால் அதே மூளைதான் நூற்றுக்கணக்கான திரைப்பாடல்களையும், ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் ஆண்டுக்கணக்கில் பிசகாமல் வைத்திருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்களின் நினைவு இதற்கு நல்ல சான்று. திருப்பாலைவனத்தைத் தாண்டிச் செல்லும் சாலை பழவேற்காட்டில் முடியும் இடத்தில் விரிந்து கிடக்கும் ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தில் மணல்திட்டுகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகின்றன. படகின் அடி எங்கே தட்டும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், இறால் எந்தக் காலத்தில் எங்கே வலையில் ஏறும் என்பதையெல்லாம் ஏரிக்கரைக் குப்பங்களின் மீனவர்கள் வரைபடம் எதுவும் இல்லாமலே மனத்தில் வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் தாங்கும் மூளை, வெறும் பத்து இலக்கத்தை அரை நிமிடம் தாங்க முடியாமல் தடுமாறுவது ஏன்?

மூளையில் நினைவு என்பது ஒரே கிடங்கு அன்று என்பதே இதற்கு உளவியலாளர் தரும் விடை. நாள்பட்ட செய்திகள் தங்கும் நெடுங்கால நினைவு ஒன்று. இந்த நொடியில் கையாளவேண்டிய செய்தியைச் சிறிது நேரம் பிடித்துவைத்திருக்கும் இடம் வேறொன்று. இந்த இரண்டாவதை இந்த அத்தியாயம் ‘செயல் நினைவு’ என்று குறிப்பிடும். முன்னதற்கு எல்லை இருப்பதாகத் தெரியவில்லை. பின்னதற்கோ எல்லை மிகவும் நெருக்கமானது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது மனிதரால் ஏழு, அதற்கு இரண்டு கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள உருப்படிகளையே பிடித்துவைக்க முடிகிறது என்று காட்டினார். 2001இல் நெல்சன் கோவன், பழைய பழக்கத்தின் துணை எதுவும் கிடைக்காதபடி சோதனையை அமைத்தால் அந்த அளவு நான்கைச் சுற்றியே நிற்கிறது என்று வாதிட்டார். பத்து இலக்க எண்ணை இரண்டு ஐந்துகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான். பல உருப்படிகளை ஒரே கொத்தாகக் கட்டிவிட்டால், செயல் நினைவு அந்தக் கொத்தை ஓர் உருப்படியாகவே எண்ணிக்கொள்கிறது.

இந்த எல்லையை ஒருவர் தம் கையாலேயே அளந்து பார்க்க முடியும். அதற்கு நான்கு விளக்குகளும் நான்கு பொத்தான்களும் ஒரு சிறிய சில்லும் போதும். மின்னணுவியலில் முதல் அடி எடுத்துவைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அரிது.

ஏற்கெனவே இருந்த ஒரு விளையாட்டு

விளக்குகள் ஒரு வரிசையில் எரிய, ஆடுபவர் அதே வரிசையில் பொத்தான்களை அழுத்த, ஒவ்வொரு சுற்றிலும் வரிசை ஒன்று நீளும் என்ற விதியைக் கொண்ட ‘சைமன்’ என்னும் மின்னணு விளையாட்டு 1978இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் ரால்ஃப் பேரும் ஹோவர்ட் மாரிசனும். ஜெர்மனியில் பிறந்த யூதரான பேர், நாஜி ஆட்சியிலிருந்து தப்பிச் சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் முதல் கருவியான ‘ஒடிசி’யும் அவருடைய கண்டுபிடிப்பிலிருந்து வந்ததுதான். அடாரி நிறுவனம் 1974இல் வெளியிட்ட ‘டச் மீ’ என்ற விளையாட்டில் இதே கருத்து ஏற்கெனவே இருந்தது. கருத்து நன்றாக இருக்கிறது, ஒலிதான் காதுக்கு ஒவ்வவில்லை என்று கண்ட பேர், எந்த வரிசையில் ஒலித்தாலும் ஒன்றோடொன்று இசையும் நான்கு சுரங்களைத் தேடி, படைவீரர் ஊதும் பியூகிள் என்ற ஊதுகொம்பின் சுரங்களைத் தேர்ந்தார். கர்நாடக இசை அறிந்தவர் இவற்றை ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவற்றின் குடும்பமாகவே உடனே இனங்கண்டுகொள்வார். விளையாட்டு வெற்றி பெற்றதற்கு இந்த ஒலித் தேர்வு பெரிய காரணம்; நிறத்தோடு சுரமும் சேரும்போது நினைவுக்கு இரண்டு பிடிகள் கிடைக்கின்றன.

சைமனின் உள்ளே இருந்தது டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டி.எம்.எஸ். 1000 என்ற சில்லு. கட்டளைகளை வைத்துக்கொள்ள அதில் 1024 இடங்களும், ஆட்டத்தின்போது மாறும் செய்திகளைக் குறித்துக்கொள்ள 64 சிறு கட்டங்களும் மட்டுமே இருந்தன. இன்று தொடக்கநிலை மாணவர் கையில் கிடைக்கும் பலகை இதைப்போல் பல மடங்கு வசதி கொண்டது.

பலகையும் உதிரிகளும்

இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கருவிகள் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவானது ஆர்டுயினோ பலகை. அதன் நடுவே உள்ள கறுப்புச் சில்லு ஒரு நுண்கட்டுப்படுத்தி, அதாவது கணக்கிடும் பகுதியும் நினைவும் வெளியுலகோடு பேசும் முனைகளும் ஒரே துண்டில் அடங்கிய சிறு கணினி. பரவலாகப் புழங்கும் ஊனோ வகையில் அது நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளில் இயங்குகிறது; 14 எண்முறை முனைகள் உண்டு. வடிவமைப்பு வெளிப்படையாக வழங்கப்பட்டிருப்பதால் யாரும் அதைப் பார்த்துப் பலகை செய்யலாம். விலை குறைந்த நகல்கள் கடைகளில் நிறையக் கிடைப்பதற்கு இதுவே காரணம். பொன்னேரியில் புறநகர் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து சற்றுத் தொலைவில், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவில் இந்த ஆட்டத்துக்கு வேண்டிய எல்லா உதிரிகளும் ஒரே நடையில் கிடைக்கும்.

வேண்டியவை: பலகை ஒன்று, நான்கு நிற எல்.இ.டி. விளக்குகள், நான்கு அழுத்து பொத்தான்கள், 220 ஓம் மின்தடையம் நான்கு, பஸ்ஸர் ஒன்று, பற்றவைக்காமலே கம்பிகளைச் செருகி இணைக்க உதவும் துளைப்பலகையான பிரெட்போர்டு ஒன்று, இணைப்புக் கம்பிகள். பஸ்ஸர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் ஒரே சுரத்தில் கத்தும் ‘ஆக்டிவ்’ வகை இந்த ஆட்டத்துக்கு உதவாது. சில்லு சொல்லும் சுரத்தை ஒலிக்கும் ‘பாஸிவ்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மின்தடையம் எதற்கு என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழும். பலகையின் முனை 5 வோல்ட் தருகிறது, சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். எஞ்சிய 3 வோல்ட்டை யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால், மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து விளக்கையோ சில்லின் முனையையோ கெடுத்துவிடும். 220 ஓம் தடையம் குறுக்கே நிற்கும்போது சுமார் 14 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடுகிறது. ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பதே நல்ல பழக்கம் என்பதால், இது பாதுகாப்பான அளவு. எல்.இ.டி.யின் நீண்ட கால் சில்லின் பக்கமும் குட்டைக் கால் தரை இணைப்பின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் கெட்டுப்போவதில்லை, எரியாது, அவ்வளவே.

உப்புக் காற்று வீசும் ஏரிக்கரைக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கம்பி நுனிகளும் பிரெட்போர்டின் உள்ளே உள்ள உலோகக் கவ்விகளும் இந்த ஈரக் காற்றில் விரைவில் கறுக்கின்றன. அப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியும் இணைப்பு விட்டுவிட்டு வேலை செய்யும், பிழை நிரலில் இருப்பதாக எண்ணிப் பல மணி நேரம் வீணாகும். உதிரிகளைக் காற்றுப் புகாத டப்பாவில், புதுக் காலணிப் பெட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் போட்டு வைப்பது இதற்கு எளிய தடுப்பு.

பொத்தானை நம்பக்கூடாது

விளக்கை எரியவைப்பது முதல் மணி நேரத்திலேயே கைவந்துவிடும். தொடக்கநிலையாளரைச் சோதிப்பது பொத்தான்தான். இந்த ஆட்டத்தில் கற்க வேண்டியவற்றில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

சிறிய அழுத்து பொத்தானுக்கு நான்கு கால்கள். அவற்றில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே எப்போதும் இணைந்திருக்கும். இணைந்த இரண்டுக்கே கம்பி கொடுத்துவிட்டால், விரல் படாமலே பொத்தான் எந்நேரமும் அழுத்தப்பட்டதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். குறுக்கு மூலைகளில் உள்ள இரண்டு கால்களை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது மிதக்கும் முனை. பொத்தானை அழுத்தாதபோது அதோடு இணைந்த முனை எதனோடும் தொடர்பில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. அப்போது அது 0 என்றும் சொல்லாது, 1 என்றும் சொல்லாது. பக்கத்தில் கை அசைந்தாலும் சுவரில் மின்கம்பி ஓடினாலும் மனம்போனபடி மாறும். ஆகவே அந்த முனையை ஒரு பெரிய மின்தடையம் வழியாக 5 வோல்ட்டோடு கட்டிவைப்பது வழக்கம். இதற்கான தடையம் ஊனோவின் சில்லுக்குள்ளேயே இருப்பதால், நிரலில் ஒரு சொல்லால் அதை இயக்கினால் போதும். பொத்தானின் மறுகால் தரையோடு இணைக்கப்படுகிறது. இதன் விளைவாக, அழுத்தாதபோது 1 என்றும் அழுத்தியபோது 0 என்றும் சில்லு படிக்கும். இது தலைகீழாகத் தோன்றினாலும், ஒருமுறை காரணம் புரிந்தவருக்குப் பிறகு குழப்பம் வராது.

எல்லாவற்றிலும் வியப்பானது துள்ளல். விரல் ஒருமுறை அழுத்தும்போது உள்ளே உள்ள உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று மோதி, சில மில்லி நொடிகள் துள்ளித் துள்ளிப் பிறகுதான் ஒட்டி நிற்கின்றன. மனிதக் கண்ணுக்கு அந்தக் காலம் இல்லாததற்குச் சமம். சில்லுக்கோ ஒரு மில்லி நொடி என்பது 16 ஆயிரம் துடிப்புகள். ஆகவே அது ஓர் அழுத்தலை மூன்று, நான்கு அழுத்தல்களாக எண்ணிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் ஆடுபவர் சிவப்பை ஒருமுறை சரியாக அழுத்துகிறார். சில்லு அதைச் சிவப்பு, சிவப்பு என்று படித்து, இரண்டாவது இடத்தில் பச்சை வரவேண்டுமே என்று ஆட்டத்தை முடித்துவிடுகிறது. சரியாக ஆடியும் தோற்ற சிறுவன் தன் நினைவைத்தான் குறைசொல்லிக்கொள்வான். முதல் மாற்றத்தைக் கண்டவுடன் 30 மில்லி நொடி காத்திருந்து மறுபடி பார்ப்பது, விரல் எடுக்கப்படும்வரை அடுத்த அழுத்தலை ஏற்காதிருப்பது ஆகிய இரண்டு கட்டளைகள் இதைத் தீர்க்கின்றன.

அடுத்த விளக்கைத் தீர்மானிப்பது யார்

வரிசையை ஆடுபவர் ஊகிக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு விளக்கையும் சில்லு தற்செயலாகத் தேர வேண்டும். ஆனால் சில்லு கட்டளையை மட்டுமே செய்வது. தற்செயல் என்பது அதன் இயல்பிலேயே இல்லை. ஆர்டுயினோ தருவது போலித் தற்செயல் எண்கள். ஒரு தொடக்க எண்ணை எடுத்து, பெருக்கி, வகுத்து, மீதியை வைத்து அடுத்த எண், அதிலிருந்து அதற்கடுத்தது என்று கணக்கிட்டுத் தருகிற இந்த எண்கள் பார்வைக்கு ஒழுங்கற்றவை. தொடக்க எண் ஒன்றேயானால் வரிசையும் என்றும் ஒன்றே. இதைக் கவனியாமல் செய்த விளையாட்டு, ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அதே வரிசையில் தொடங்கும். நான்கு நாள் ஆடியவர் கண்ணை மூடிக்கொண்டு வெல்வார்.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு மரபு உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் வலை கட்டும் உரிமை ஒருவரிடமே தங்கிவிடாமல், உரிமையுள்ளவர்களிடையே முறைவைத்துச் சுழலும் ஏற்பாடு அது. இன்று யார் முறை, நாளை யார் முறை என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதே அதன் நியாயம். நினைவு விளையாட்டின் நியாயமோ நேர் எதிரானது: அடுத்தது எது என்பது யாருக்கும், அதைக் கட்டியவருக்கும்கூடத் தெரியக் கூடாது.

சில்லால் தர முடியாத அந்தத் தற்செயலை மனித விரலிடமிருந்து கடன் வாங்கலாம். ஊனோ, மின்சாரம் கிடைத்த நொடியிலிருந்து 4 மைக்ரோ நொடிக்கு ஒரு தடவை தன் கடிகாரத்தைக் குறித்துக்கொள்கிறது. ஒரு நொடிக்குள் அப்படி 2 இலட்சத்து 50 ஆயிரம் குறிப்புகள். ஆட்டத்தைத் தொடங்க ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்துமாறு வைத்து, அந்த அழுத்தல் நேர்ந்த கணத்தின் குறிப்பையே தொடக்க எண்ணாகக் கொடுத்தால், அதே கணத்தில் மறுமுறை அழுத்த எந்த மனிதராலும் முடியாது.

நிரலின் போக்கு

எஞ்சியது எளிது. சில்லின் நினைவில் 100 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல் ஒதுக்கப்படுகிறது. ஊனோவில் இதற்கெனக் கிடைக்கும் 2048 இடங்களில் இது சிறு பங்கே. ஒவ்வொரு சுற்றிலும் பட்டியலின் முடிவில் 1 முதல் 4 வரை ஓர் எண் சேர்கிறது. பிறகு பட்டியல் முதலிலிருந்து விளக்காகவும் ஒலியாகவும் காட்டப்படுகிறது. பிறகு பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. பிழை நேர்ந்தால் எத்தனை சுற்று தாண்டினார் என்பது விளக்கு மின்னி அறிவிக்கப்படுகிறது. சுரங்களுக்கு 262, 330, 392, 523 என்ற அதிர்வெண்களைக் கொடுத்தால் ச, க, ப, மேல் ச கிடைத்துவிடும். ஒவ்வொரு விளக்கும் அணைந்தபின் ஒரு சிறு இடைவெளி விடுவது கட்டாயம். இல்லையேல் அடுத்தடுத்து வரும் இரண்டு சிவப்பு ஒரே நீண்ட சிவப்பாகத் தெரியும்.

ஒரே ஒரு வரியை இடம் மாற்றினால்

விளையாட்டு ஓடத் தொடங்கியதும் ஒரு புதிர் தென்படும். மில்லர் ஏழு என்றார், கோவன் நான்கு என்றார். ஆனால் சில நாள் ஆடிய சிறுவர்கள் பத்து, பன்னிரண்டு சுற்றுகளைத் தாண்டிவிடுகிறார்கள். அறிஞர்கள் சொன்ன எல்லை தவறா?

எல்லை தவறன்று, ஆட்டத்தின் விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்தாவது சுற்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் விளக்குகள் மொத்தம் 55 முறை எரிந்திருக்கும். முதல் விளக்கை ஆடுபவர் பத்து முறை பார்த்தும் ஒன்பது முறை அழுத்தியும் இருப்பார். பத்தாவது விளக்கை மட்டுமே ஒரே ஒருமுறை பார்த்திருப்பார். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நினைவில் ஏற்ற வேண்டியது ஒன்றுதான். மற்றவை திரும்பத் திரும்ப வந்து, கொத்துகளாகக் கட்டப்பட்டு, விரலுக்கும் காதுக்கும் பழகிய மெட்டாகவே மாறிவிடுகின்றன.

இது ஊகமா உண்மையா என்பதை நிரலில் ஒரு வரியை இடம் மாற்றிச் சோதிக்கலாம். பட்டியலின் முடிவில் ஓர் எண்ணைச் சேர்க்கும் வரியைச் சுற்றுக்கு ஒருமுறை இயக்குவதற்குப் பதிலாக, பட்டியலின் எல்லா இடங்களுக்கும் இயங்கும்படி வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் வரிசை முழுவதும் புதிதாகிவிடும். நீளம் முன்புபோலவே ஒவ்வொன்றாகக் கூடும். ஆனால் திரும்பக் கேட்கும் வாய்ப்பு இல்லை. பன்னிரண்டைத் தாண்டியவர் இப்போது ஐந்திலோ ஆறிலோ ஏழிலோ தடுக்கி நிற்பதைக் காணலாம். உளவியல் ஆய்வகங்களில் செயல் நினைவை அளக்கும் சோதனைகள் இந்த இரண்டாவது வடிவத்தைச் சேர்ந்தவையே. பலகையில் பரப்பிய ஒன்பது கட்டைகளை ஆய்வாளர் தொட்ட வரிசையில் தொடச் சொல்லும் கோர்சி சோதனை 1970களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. கடையில் வாங்கிய விளையாட்டை ஆடத்தான் முடியும். கட்டியவரோ அதன் விதியை மாற்றி, அதனிடம் கேள்வி கேட்க முடியும். பொழுதுபோக்குப் பொருள் ஓர் அளவுகருவியாகும் இடம் இதுவே.

மூளை வலுப்பெறுமா

நாள்தோறும் இதை ஆடினால் பாடம் நன்றாக மனத்தில் தங்குமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. இதற்கு ஆறுதலுக்காகப் பொய்யான விடை சொல்லக் கூடாது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ் ஆகியோர் ஒரு மாணவருக்கு இலக்கங்களை நினைவில் வைக்கும் பயிற்சியைத் தொடர்ந்து அளித்து, 1980இல் முடிவை வெளியிட்டனர். 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பின், ஏழு இலக்கத்தில் தொடங்கிய அவர் 79 இலக்கம்வரை திருப்பிச் சொன்னார். ஓட்டப் பந்தய வீரரான அவர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கொத்துக் கட்டியே இதைச் சாதித்தார். ஆனால் இலக்கங்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது, அவருடைய அளவு மறுபடி ஆறில் வந்து நின்றது. வளர்ந்தது ஓர் உத்தி. செயல் நினைவு வளரவில்லை. 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஏட்ரியன் ஓவன் குழுவினரின் ஆய்வும் இதையே பெரிய அளவில் காட்டியது: 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தனர், பயின்ற ஆட்டங்களில் தேறினர், பயிலாத, மிக நெருங்கிய பணிகளில்கூட அந்தத் தேர்ச்சி பரவியதற்குச் சான்று இல்லை. பள்ளியிலும் பணியிலும் திறன் கூடும் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

தமிழர்க்கு இது அந்நியமான செய்தி அன்று. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கவனம் செலுத்திக் காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, இடையிடையே கேட்கப்படும் ஈற்றடிக்கு வெண்பா முடிப்பது என்று அவதானம் விரியும். எந்த அவதானியும் கல் எண்ணிப் பழகியதால் மட்டும் புலவராகிவிடவில்லை. யாப்பும் இலக்கியமும் ஆண்டுக்கணக்கில் நெடுங்கால நினைவில் ஊறியிருந்ததால்தான், ஈற்றடியைக் கேட்டவுடன் அதற்கேற்ற சீர்கள் கொத்துக் கொத்தாக வந்து நின்றன. முகத்துவாரத்தின் மணல்திட்டை அறியும் மீனவரின் நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஆகவே நான்கு விளக்குகளை ஆடுவதால் கிடைப்பது அந்த ஆட்டத்தில் தேர்ச்சி மட்டுமே. அதைக் கட்டுவதால் கிடைப்பது வேறு: மின்னோட்டம், துள்ளல், தற்செயல், நினைவின் எல்லை ஆகிய நான்கும் கையால் தொட்ட அறிவாக மாணவருக்கு மிஞ்சுகின்றன. மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 2016 முதல் 6 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்காகப் பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய்வரை நிதி அளித்து வருகிறது. அந்த ஆய்வகங்களுக்கான பொருள்களில் ஆர்டுயினோ பலகையும் உண்டு. ஆய்வகம் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்காமல், இரண்டு மூன்று எல்.இ.டி.கள் போனாலும் போகட்டும் என்று மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆய்வகம் இல்லாத ஊர்களில், திருப்பாலைவனத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் அண்ணன்மாரும் அக்காமாரும் அடுத்த முறை ரிச்சித் தெரு வழியாகத் திரும்ப வேண்டும்.